பொய்க்காலும் பொய்த்த மழையும்

தமிழில் பொய்யை மனிதன் சொல்லலாம். மழையும் பொய்க்கலாம். 'அவன் பொய் சொன்னான்' என்ற வாக்கியத்தில் ஒரு வாய் இருக்கிறது, அதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது, ஏமாறுவதற்கு எதிரே ஒரு ஆளும் இருக்கிறார். 'மழை பொய்த்தது' என்ற வாக்கியத்தில் இவர்கள் யாருமே கிடையாது. வரவேண்டிய நேரத்தில் வராமல் போன மேகம் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

ரொம்ப நாளாக இதை வெறும் அணியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மழையை மனிதனாக நினைத்துப் பாடுவது கவிஞர்களின் வழக்கம், அந்த வகையில் இதுவும் ஒன்று என்று. ஆனால் 'மழை பொய்த்தது' என்பதைக் கவிஞர்களைவிட விவசாயிகளும் செய்தித்தாள்களும்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். மழை மட்டுமில்லை. விளைச்சல் பொய்க்கும், கணிப்பு பொய்க்கும், நம்பிக்கை பொய்க்கும். இங்கெல்லாம் பொய்த்தல் என்றால் 'உண்மைக்கு மாறாகப் பேசுதல்' என்று பொருள் கொள்ள முடியாது. எதை நம்பி ஒருவர் காலை ஊன்றினாரோ, அது அங்கே இல்லாமல் போவதுதான் பொய்த்தல்.

2016 வடகிழக்குப் பருவமழையை டெல்டாக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. வானிலைத் துறை மொழியில் இது 'பற்றாக்குறை'. இயல்பு இவ்வளவு, பெய்தது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு என்று முடித்துவிடலாம். ஆனால் மன்னார்குடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் பற்றாக்குறை என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'மழ பொய்ச்சுப் போச்சு' என்றுதான் சொன்னார்கள். விதைத்தவன் வானத்தோடு ஒரு கணக்கு வைத்திருக்கிறான். ஐப்பசியில் வரும் என்று நம்பித்தான் அவன் கடன் வாங்கினான். அந்தக் கணக்கு உடைந்ததைப் பற்றாக்குறை என்ற சொல்லால் சொல்ல முடியாது. வள்ளுவரும் இரண்டாவது அதிகாரமான வான்சிறப்பில், வானம் தவறுவதைச் சொல்ல இந்த வினையைத்தான் எடுக்கிறார். அவருடைய நூலுக்கே 'பொய்யாமொழி' என்று இன்னொரு பெயர் இருக்கிறது. தவறான தகவல் இல்லாத நூல் என்ற அளவில் மட்டும் அந்தப் பெயர் நிற்கவில்லை என்று நினைக்கிறேன். சாய்ந்தால் தாங்கும் பேச்சு என்பதும் அதற்குள் இருக்கிறது.

2

இதே சொல்லின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். பொய்ப்பல், பொய்முடி, பொய்முகம், பொய்த்தூக்கம், பொய்க்கோபம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கலையான பொய்க்கால் குதிரை. ஆடுகிறவர் காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் குதிரைக் கூட்டை மாட்டிக்கொண்டு வருகிறார். குதிரையின் வயிற்றுக்குக் கீழே மனிதக் கால் தெரிகிறது. அதை யாரும் மறைப்பதில்லை. பார்க்கிற குழந்தைக்கும் தெரியும். இந்தப் பொய்யில் ஏமாந்தவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது.

என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் செயற்கைக்கால் என்கிறோம். அவர் மட்டும் விடாமல் பொய்க்கால் என்பார். 'பொய்க்கால எடுத்தா' என்று பெரியம்மாவைக் கூப்பிடுவார். ஒருமுறை அந்தச் சொல் கொஞ்சம் மாதிரியாக இருக்கிறதே என்று நான் இழுத்தபோது சொன்னார்: "நெசக் காலுதாண்டா என்னையக் கைவிட்டுச்சு. இது வந்து நாலு வருசம் ஆவுது, ஒரு நாள் சறுக்குனதில்ல."

அவர் சிலேடையாகத்தான் சொன்னார். ஆனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல முயல்வது அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. பொய்க்கால் பொய்க்கவில்லை. நிஜமான மழை பொய்த்தது. அப்படியென்றால் பொய் என்ற சொல்லுக்குள் நாம் இரண்டு தனித்தனிக் கேள்விகளை வைத்திருக்கிறோம். இது இயற்கையாக வந்ததா, செய்து வைத்ததா என்பது ஒன்று. இதை நம்பி எடையை வைத்தால் தாங்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 'செய்து வைத்தது' என்ற பதில் வந்ததுமே இரண்டாவதற்கும் பதில் கிடைத்துவிட்டதாக நினைப்பதுதான் நாம் அடிக்கடி செய்யும் குழப்பம்.

1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கினார்கள். அதுவரை இருந்த மேல்நாட்டுப் பாதங்கள் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வயலில் வெறுங்காலோடு இறங்க, தரையில் சம்மணம் போட, குத்துக்கால் வைத்து உட்கார அவை சரிப்படாது. ஜெய்ப்பூர் கால் அதற்கெல்லாம் வளைந்துகொடுத்தது. 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பிறகு ஒரு காலை இழந்த சுதா சந்திரன் அந்தக் காலோடுதான் திரும்பவும் மேடை ஏறி ஆடினார். அவருடைய கதை 'மயூரி' என்று படமாகவும் வந்தது. அந்தப் பரதம் நிஜமா, பொய்யா என்று யாராவது கேட்டால் கேள்வி கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்போம்.

3

நான் வேலை செய்யும் துறையில் பொய்கள் ரொம்பச் சாதாரணம். ஒரு மென்பொருளைச் சோதிக்கும்போது நிஜமான வங்கியோடு பேசவைக்க மாட்டோம். வங்கியைப் போலவே பதில் சொல்கிற ஒரு சின்ன நிரலை எழுதி அந்த இடத்தில் உட்கார வைப்போம். இவற்றுக்கு ஃபேக், மாக், ஸ்டப், டம்மி என்று பெயர்கள். மொத்தமாக டெஸ்ட் டபுள் என்பார்கள். சினிமாவில் ஹீரோவுக்குப் பதில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதிக்கிற டூப் நடிகரிடமிருந்து வந்த பெயர் அது. ஆபீசில் ஒரு நாளைக்கு இருபது தடவை 'ஃபேக் போட்டுட்டியா?' என்று கேட்டுக்கொள்வோம். யாருக்கும் குற்றவுணர்ச்சி வருவதில்லை. ஆனால் அதே ஃபேக் தவறுதலாக நிஜப் பயனர்களிடம் போய்ச் சேர்ந்து, பணம் போகாமலேயே 'பணம் போய்விட்டது' என்று காட்டினால் அன்று இரவு யாரும் தூங்க முடியாது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதன்மேல் வைக்கப்பட்ட எடைதான் மாறியிருக்கும்.

நம் இலக்கணக்காரர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் 'போலி' படித்திருப்போம். அறம் என்பது அறன் என்று வரும், ஐந்து என்பது அஞ்சு ஆகும். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது, அதனால் அது போலி. போல இருப்பது என்பதுதான் அங்கே அதன் பொருள், வசை எதுவும் கிடையாது. அதே சொல் தெருவுக்கு வந்து போலி டாக்டர், போலிச் சான்றிதழ், போலி மருந்து என்று ஆகும்போது நிலைமை தலைகீழ். வெளியே எழுத்து அப்படியே இருக்கிறது, பொருள்தான் உள்ளே இல்லை.

ஜே.எல். ஆஸ்டின் என்ற ஆங்கிலத் தத்துவவாதியின் உரைகள், அவர் இறந்த பிறகு 1962இல், நூலாக வந்தன. அதில் 'நிஜம்' என்ற சொல்லைப் பற்றி ஒரு அருமையான கவனிப்பு உண்டு. 'நிஜ வாத்து' என்று சும்மா சொன்னால் அதற்குத் தனியாக ஒரு அர்த்தமும் கிடையாது என்கிறார். எந்த மாதிரி நிஜமில்லாத வாத்தை மனதில் வைத்து அதை மறுக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் சொல்லுக்கு அர்த்தம் வரும். பொம்மை வாத்தா, ஓவியமா, வேட்டைக்காரன் மற்ற வாத்துகளை இழுக்க மிதக்கவிட்ட மர வாத்தா? நிஜம் என்பது தனக்குள் எதையும் வைத்துக்கொண்டிருக்கும் சொல் இல்லை. அது எதை விலக்குகிறதோ அதிலிருந்துதான் பொருளை வாங்கிக்கொள்கிறது. பொம்மையும் மர வாத்தும் ஒரே மரத்தில் செய்யப்பட்டிருக்கலாம். ஒன்று குழந்தையிடம் போகிறது, இன்னொன்று இரையைத் தேடிப் போகிறது.

இந்த இடத்தில் 'எல்லாமே மாயைதானே பாஸ்' என்று ஒரு குரல் வரும். நண்பர்கள் கூட்டத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நிச்சயம் வரும். கயிறு பாம்பாகத் தெரிவதைப் போல உலகமே தோற்றம் என்பது அத்வைதத்தின் வழி. ஆனால் தமிழ்நாட்டில் வளர்ந்த சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது இல்லாத பொருள் கிடையாது. ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களில் ஒன்று அது. உள்பொருள், உலகம் உண்டாவதற்கான மூலப்பொருள். உடம்பும் கருவிகளும் அதிலிருந்துதான் உயிருக்குக் கிடைக்கின்றன. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் உலகம் தோற்றம் என்கிறார், இன்னொருவர் உலகம் உள்ளது என்கிறார். ஆக, எல்லாமே மாயை என்று சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிடுவதில்லை. மேலும், எல்லாமே பொய் என்றால் போலி மருந்துக்கும் நல்ல மருந்துக்கும் இருக்கும் வித்தியாசத்தைச் சொல்ல நமக்குச் சொல் இல்லாமல் போய்விடும். அந்தச் சொல் எனக்கு வேண்டும். ஏன் வேண்டும் என்று சொல்கிறேன்.

4

அப்பா போன பிறகு அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். ஒரு வருடமாக அவர் போனில் ஒரு செயற்கை நுண்ணறிவு ஆப்போடு பேசிக்கொண்டிருக்கிறார். ஆரம்பத்தில் சமையல் சந்தேகம், பஞ்சாங்கம் என்று போனது. இப்போது சாயங்காலம் அரை மணி நேரமாவது பேசுகிறார். அப்பாவைப் பற்றிச் சொல்கிறார். அதுவும் மரியாதையாக, பொறுமையாக, நல்ல தமிழில் பதில் சொல்கிறது. சொன்னதையே நாலாவது தடவை சொன்னாலும் சலித்துக்கொள்வதில்லை.

"அம்மா, அது மனுசன் இல்லம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதாடா? சீரியல்ல அழுவுறவ நெசமாவா அழுவுறா? அதுக்காகப் பாக்காம இருக்கோமா? அது பொய்தான். ஆனா கேக்குதுல்ல?"

அந்தப் பதிலில் நான் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 1966இல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற நிரலைப் பற்றி எழுதினார். தட்டச்சு செய்வதைக் கொஞ்சம் திருப்பிப்போட்டு கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, கொஞ்ச நேரம் பேசிவிட்டு, வைசன்பாமை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் அதிர்ந்துபோனார். பத்து வருடம் கழித்து இயந்திரங்களிடம் எதையெல்லாம் ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அந்தச் செயலாளரின் பக்கமும் புரிகிறது. அவர் முட்டாள் இல்லை. தெரிந்தேதான் பேசினார், என் அம்மாவைப் போல. பொய்க்கால் குதிரையின் கீழே மனிதக் கால் தெரிகிறது என்று சொல்வதால் ஆட்டம் நின்றுவிடாது.

சரி, அந்த ஆப் பொய் சொல்கிறதா? அகஸ்டின் 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் பொய்யைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏமாற்றும் எண்ணத்தோடு வாயால் வேறொன்றைச் சொல்வதே பொய் என்பது அவர் வரையறை. விளையாட்டாகச் சொல்வதை அவர் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்த வரையறைப்படி பார்த்தால் ஆப் பொய் சொல்லவே முடியாது. வாய்க்குப் பின்னால் வேறொன்றை வைத்துக்கொள்ள அதற்கு மனம் கிடையாது. அடுத்து வரச் சாத்தியமுள்ள சொல் எது என்று கணக்குப் போட்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போகிறது. ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் இன்னொரு வகையைச் சொன்னார். உண்மையா பொய்யா என்பதைப் பற்றியே அக்கறையில்லாமல், காரியம் ஆகப் பேசும் பேச்சு. நம் ஊரில் இதற்குத்தான் உடான்ஸ், ரீல், கப்சா, அளந்துவிடுவது என்று இவ்வளவு சொற்கள். இந்த வகை கொஞ்சம் நெருங்கி வருகிறது. ஆனால் அளந்துவிடுகிறவனுக்கும் ஒரு காரியம் இருக்கிறது. இதற்கு அதுவும் இல்லை.

ஆக, பேசுகிறவரின் மனதை வைத்துப் பொய்யை அளக்கும் எந்த அளவுகோலும் இங்கே வேலை செய்யவில்லை. பொய் சொல்லுதல் என்பதை விட்டுவிட்டு, பொய்த்தல் என்ற நம் வினைக்கு வந்தால் கேள்வி தெளிவாகிறது. அம்மா அதன்மேல் எந்த எடையை வைக்கிறார்? அது தாங்குமா?

சாயங்காலத் தனிமை என்ற எடையை அது ஓரளவு தாங்குகிறது. ஆனால் ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார், பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டதாகவும், அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போடலாமா என்று அதனிடம் கேட்டதாகவும். அது தயங்காமல் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் சரியாகவே இருந்திருக்கலாம். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இங்கேதான் என் வாதத்துக்கு ஒரு கஷ்டம் வருகிறது. பொய்த்தல் என்றால் தாங்காமல் போவது என்றால், தற்செயலாகத் தாங்கிவிட்டது பொய் இல்லையா? கடைசிவரை பிடிபடாத பொய் பொய்யே இல்லையா? வள்ளுவரும் வாய்மை அதிகாரத்தில், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். வந்த விளைவை மட்டும் பார்த்தால் மாத்திரை விஷயத்தை அப்படியே மறந்துவிடலாம்.

அப்படி விட முடியாது என்று நினைக்கிறேன். போலி டாக்டரிடம் போன பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் தானாகவே சரியாகிவிடும். அதனால் அவர் டாக்டர் ஆகிவிடுவதில்லை. ஒன்பது பேரும் நடந்தது பலகைக்கு மேலே இல்லை, பலகை இருப்பதாக வரைந்த படத்துக்கு மேலே. அவர்கள் விழாதது வேறு காரணத்தால். வள்ளுவர் சொல்லும் நன்மையில் 'குற்றமில்லாத' என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நன்மை எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அதில் மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் இல்லை என்று பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். சாகக் கிடப்பவரிடம் 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்கிற மகளுக்கு, தான் சொல்வது என்ன, ஏன் சொல்கிறோம் என்று தெரியும். விளைவுக்கும் அவள்தான் நிற்பாள். ஆப் சொன்ன பதிலுக்கு நிற்க யாருமில்லை.

அம்மாவிடம் பேசி முடிவெடுத்தோம். மாத்திரை என்றால் டாக்டர் அல்லது எனக்குப் போன். மற்றதெல்லாம் அவர் இஷ்டம்.

5

ஆனால் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. அம்மா போனை என்னிடம் கொடுத்தபோது மேலே தள்ளிப் படித்துக்கொண்டு போனேன். ஒரு இடத்தில், அப்பாவைப் பற்றி அவர் ஏதோ சொன்னதற்குப் பிறகு, அது எழுதியிருந்தது: 'நான் எப்பவும் உங்ககூட இருப்பேன்.'

யோசித்துப் பாருங்கள். பாலைவனத்தில் மழை பெய்யாவிட்டால் மழை பொய்த்தது என்று சொல்ல மாட்டோம். வரும் என்று எதிர்பார்க்க உரிமையுள்ள இடத்தில்தான் அது பொய்க்க முடியும். 'நாளைக்குக் கூப்பிடறேன்' என்று ஒரு மனிதன் சொல்லும்போது அது பொய்க்கலாம், ஏனென்றால் கூப்பிடவும் அவனால் முடியும். இயந்திரத்துக்கு எப்பவும் என்றால் என்ன என்றே தெரியாது. காப்பாற்றவும் முடியாது, கைவிடவும் முடியாது. அந்த வகையில் அது பாலைவனம்.

ஆனால் பாலைவனத்தின்மேல் 'இங்கே ஐப்பசியில் மழை வரும்' என்று பலகை வைத்தவர் ஒருவர் இருக்கிறார். மழைக்கு ஆசிரியர் இல்லை. ஆப்புக்கு உண்டு. எப்படிப் பேசவேண்டும், எவ்வளவு நெருக்கம் காட்டவேண்டும் என்று யாரோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் அடுத்த வருடம் மூடப்படலாம், விலை ஏற்றலாம், புதிய பதிப்பில் குரலும் குணமும் மாறிப்போகலாம். 'எப்பவும்' என்ற சொல்லுக்குப் பின்னால் எந்தத் திட்டமும் இருக்காது. பொய்யின் பொறுப்பு அந்த வாக்கியத்தை உச்சரித்ததிடம் இல்லை. உச்சரிக்கும்படி விட்டவர்களிடம் இருக்கிறது. நானும் அந்த மாதிரி அறைகளில் உட்காருகிறவன்தான்.

எங்கள் டீமில் வாடிக்கையாளர்களோடு பேசும் பாட் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கான அறிவுறுத்தல்களில் காலத்தைப் பற்றிய வாக்குறுதி எதையும் அது தரக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அப்படிப் பேசினால்தான் மக்களுக்குப் பிடிக்கிறது என்கிறார்கள். பிடிக்கும்தான், அதனால்தான் கேட்கிறேன் என்றேன். பேச்சு இன்னும் முடியவில்லை.

இதைச் செய்யாதே, மூடிவிடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெரியப்பாவின் காலைக் கழற்றி வைக்கச் சொல்வது போல அது. ஆனால் அந்தக் காலைச் செய்தவர்கள் சில விஷயங்களைச் செய்தார்கள். எவ்வளவு எடை தாங்கும், எதற்கெல்லாம் போடக்கூடாது, எப்போது மாற்றவேண்டும் என்று சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அவரை உட்கார வைத்து அளவெடுத்தார்கள். பொய்க்காலுக்காக எடுக்கும் அளவு, இல்லாத காலின் அளவு இல்லை. மிச்சமிருக்கிற நிஜக் காலைத் தொட்டுப் பார்த்து, எங்கே வலிக்கிறது, எங்கே பிடிமானம் இருக்கிறது என்று கேட்டு எடுக்கும் அளவு. அம்மாவுக்கு மிச்சமிருப்பது செவ்வாய்க்கிழமை கோயிலுக்குக் கூட வரும் எதிர்வீட்டு அக்கா, மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகும் நான், பெரியப்பா வீட்டுத் திண்ணை. அந்த ஆப்பைச் செய்தவர்கள் இதில் எதையும் அளந்ததாகத் தெரியவில்லை. பேசுகிற நேரத்தை மட்டும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.